கடலின் அடி எவ்வளவு தூரம்?

எழுதலாமா, வேண்டாமா என்று கொஞ்ச நாளாகவே மனதுக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த விஷயம் இது. போன சனிக்கிழமை ஜெய்த்தூன் என் வீட்டுக்கே வந்து, "எழுதுங்க டீச்சர். எம் பேரப் போட்டே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். இனி எனக்கென்ன பயம்?

பயம்... அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஜெய்த்தூன் யார்? கோலசிலாங்கூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காசிம் பாயின் மனைவி. நாகூர்க்காரி; 'இருக்கு' என்பது இன்னும் அவள் வாயில் 'ஈக்கிது'தான். கல்யாணமான கையோடு, பதினெட்டு வயதில் கப்பலேறி இங்கே வந்தவள். பாய் கடைக்கு ஊரிலிருந்து வரும் சாமான் மூட்டைகளோடு தமிழ் நாவல்களும் வரும். முதலில் அவள் படிப்பாள். பிறகு எனக்கு வரும் — ஓரத்தில் மஞ்சள் கறையோடு, சில சமயம் நடுவில் ஒரு கறிவேப்பிலையோடு.

அப்படி வந்ததுதான் அந்த நாவலும். பெயர் வேண்டாம். நீங்கள் தேடிப் படித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

கதை இதுதான். ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று நடுக்கடலில் நிற்கிறது. ஆழம் பார்க்க, நுனியில் ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலுக்குள் விடுகிறார்கள். இழுத்துப் பார்த்தால் குண்டு பத்திரமாக இருக்கிறது. ஆனால் முடிச்சு... இவர்கள் போட்ட முடிச்சு இல்லை. யாரோ அவிழ்த்து, வேறு மாதிரி கட்டி அனுப்பியிருக்கிறார்கள்!

மறுநாள் மறுபடி விடுகிறார்கள். நேற்றைவிடக் கயிறு குறைவாகவே உள்ளே போகிறது. அதற்கு மறுநாள் இன்னும் குறைவு. கடலின் அடி மேலே வந்துகொண்டிருக்கிறதா? அல்லது அடியில் இருக்கிற ஏதோ ஒன்று...?

நான் பாதியில் மூடி வைத்துவிட்டேன். மூடி வைத்தால் போதுமா? குளியலறைத் தொட்டியில் டப்பாவை விட்டு மொள்ளாமல், குழாயடியிலேயே உட்கார்ந்து குளித்தேன். நாலாம் வகுப்பில் உலகப் படத்தை விரித்தால், கடல் எங்கே அதிக ஆழமோ அங்கே நீலம் கறுத்துக் கிடக்கிறது. அந்த இடத்தில் டஸ்டரை வைத்து மறைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். இத்தனைக்கும் நான் எங்கே, கடல் எங்கே? தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, தோட்டத்துப் பள்ளியிலேயே வேலை பார்க்கிறவள். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், மழைக்காலத்தில் செம்பனைக் காட்டுக்குள் நிரம்பி ஓடும் கால்வாய்தான். ஊர்க் குன்றின் மேல் கலங்கரை விளக்கத்துப் பக்கமாக நின்று, கடலைத் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகப் பார்த்ததோடு சரி.

சரி, நான் பயந்தேன். அது வேடிக்கை. ஆனால் ஜெய்த்தூனும் பயந்துவிட்டாள். அது வேடிக்கையாக இல்லை.

ஏனென்றால், அந்தச் சமயத்தில்தான் நாகூரிலிருந்து செய்தி வந்தது. அவளுடைய உம்மா வழுக்கி விழுந்து, இடுப்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறார். மகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாய் உடனே கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பத் தயாரானார். பினாங்கில் கப்பலேறினால் நாகப்பட்டினத்தில் இறங்கலாம். அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்வருகிற வழி அதுதான்.

ஜெய்த்தூன் மாட்டேன் என்றுவிட்டாள்.

காசிம் பாய் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' வேறு.

"டீச்சர், ஒரு புக்கப் படிச்சிட்டு, பெத்த தாயப் பாக்கப் போகமாட்டேங்கிறா. இப்படி எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நீங்க சொன்னா கேப்பா லா. கொஞ்சம் வந்து பேசுங்க."

நான் போய்ப் பேசினேன். கடைக்குப் பின்னால் இருந்த சமையல்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயத்தாலா என்று கேட்கவில்லை.

"கதைதானே ஜெய்த்தூன்? யாரோ ஒருத்தர் மெட்ராஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதினது. நீ நிஜமாவே கடலத் தாண்டி வந்தவ. அப்ப பயப்படாதவளா இப்ப பயப்படுற?"

"அப்ப வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன் டீச்சர். கீழ என்ன ஈக்கிதுன்னு நெனைக்கவே இல்ல. இப்ப நெனைச்சிட்டேன். நெனைச்சத எப்படி நெனைக்காம ஆக்குறது? சொல்லுங்க."

சொல்லுங்களேன், உங்களுக்குத் தெரிந்தால்!

"உம்மா காத்துக்கிட்டிருப்பாங்களே..." என்று இழுத்தேன்.

"தெரியும்" என்றாள். "அதுவும் தெரியும். கால் எடுத்து வைக்க முடியல. என்னைத் திட்டுங்க. எனக்கே என் மேல வெறுப்பா ஈக்கிது."

திட்ட எனக்கு என்ன யோக்கியதை? டஸ்டரால் கடலை மூடுகிறவள் நான்!

பாய்க்கு ஒரு யோசனை வந்தது. கடைக்கு மீன் கொடுக்கும் ஆ செங் என்ற சீனருக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெய்த்தூனை அதில் ஏற்றி, கொஞ்ச தூரம் கடலைக் காட்டிக் கொண்டுவந்தால் பயம் தெளிந்துவிடும். துணைக்கு? வேறு யார், நான்தான். மறுத்திருக்கலாம். "டீச்சர் வந்தா நான் வர்றேன்" என்று ஜெய்த்தூன் சொல்லிவிட்டாளே!

ஆற்று முகத்துவாரம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. பால் ஊற்றிய டீ மாதிரித் தண்ணீர். பாய் உற்சாகமாக, அதோ கொக்கு, இதோ கொக்கு என்று கை காட்டிக்கொண்டே வந்தார். நானும் ஜெய்த்தூனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொக்குகளைப் பார்த்தோம்.

பிறகு காடு முடிந்தது. முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீர்.

கொஞ்ச தூரம் போனதும் ஆ செங் இஞ்சினை நிறுத்தினார். அந்த நிசப்தம் இருக்கிறதே... படகின் அடிப்பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். டப்... டப்... கலங்கல் தண்ணீர், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. சட்டென்று அழுகை வந்துவிட்டது. ஆமாம், இருபது வருஷ சர்வீஸ் உள்ள ஆசிரியை, நடுப்படகில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன். தைரியம் சொல்லப் போனவள் நான்!

ஆ செங் என்னை வினோதமாகப் பார்த்தார். படகில் கிடந்த நீண்ட மூங்கில் கழியை எடுத்தார். செங்குத்தாகத் தண்ணீருக்குள் விட்டார். உடனே தரை தட்டி நின்றுவிட்டது. வெளியே எடுத்துக் காட்டினார். அவருடைய நெஞ்சு உயரத்துக்குத்தான் ஈரம். நுனியில் சாம்பல் நிறச் சேறு.

"தக் டாலம் லா!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். ஆழமே இல்லையாம்.

"பாத்தியா புள்ள!" பாய் துள்ளிவிட்டார். "இம்புட்டுத்தான் கடலு! இதுக்குப் போயா பயந்த?"

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா? இறங்கினால் நின்றுவிடலாமே! கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி ஜெய்த்தூன் பக்கம் திரும்பினேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கழியின் நுனியில் இருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு கிட்டவா ஈக்கிது?" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் என் சிரிப்பும் நின்றுபோனது. ஆழம் இல்லை என்றால்... அடி, காலுக்குக் கீழேயே அல்லவா இருக்கிறது? அந்த நாவலில் நாளுக்கு நாள் மேலே ஏறி வந்ததே, அது இங்கே ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதா?

பாய்க்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஆழமா இருந்தாலும் பயப்படுறீங்க, ஆழம் இல்லாட்டியும் பயப்படுறீங்க. அப்ப கடல் எப்படித்தான் லா இருக்கணும் உங்களுக்கு?"

நியாயமான கேள்வி.

திரும்பிவிடலாம் என்று ஆ செங் இஞ்சினைக் கிளப்பினார். படகு நகரவில்லை. நான் அழுததிலும் நாங்கள் பேசியதிலும் தண்ணீர் வற்றிக்கொண்டே போனதை யாரும் கவனிக்கவில்லை. படகின் பின்பக்கம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினால்தான் உண்டு என்றார் ஆ செங். அவர் ஒரு பக்கம் குதித்தார். பாய் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கம் குதித்தார்.

குதித்தவர் நிற்கவில்லை. தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. ஆனால் கீழே இருந்த சேறு அவரை உள்ளே இழுத்தது. இடுப்புக்கு இருந்த தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. "கால வாங்க முடியல... கால வாங்க முடியல" என்றார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

"மச்சான்!"

ஜெய்த்தூன் போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. என் கையை உதறிவிட்டுப் படகின் விளிம்பில் அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள். முக்காடு தண்ணீரில் விழுந்து மிதந்தது. இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தாள். படகு அவள் பக்கம் சாய, நான் மறுபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பின்னாலிருந்து அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது. அவள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

"ஆட்டாதீங்க, மெதுவா... ஒரு கால மட்டும் தூக்குங்க. விடமாட்டேன். நான் விடமாட்டேன்."

ஆ செங் சுற்றி வந்து, பாயின் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினார். சேறு ஒரு மாதிரி உறிஞ்சுகிற சத்தத்தோடு அவரை விட்டது. படகுக்குள் வந்து விழுந்தவர் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார். ஆ செங் மட்டும், அந்தச் சேறு அவருக்குப் பழகிய சேறு போல, படகை ஆட்டி ஆட்டித் தள்ளி விடுவித்துவிட்டார்.

திரும்புகிற வழியில் யாரும் கொக்கு பார்க்கவில்லை. ஜெய்த்தூன் பாயின் கையை விடவே இல்லை. படகுத்துறையில் ஏறி, ஈர முக்காட்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "டிக்கெட் எடுத்துடுங்க மச்சான்."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"பயம் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"எங்கே போச்சு? அப்படியேதான் ஈக்கிது" என்றாள். "ஆனா நடுக்கடல்ல அடி எங்கேயோ கெடக்குது டீச்சர். கப்பல் மேலாகவே போயிரும். இங்கதான் கைக்கு எட்டுற தூரத்துல ஈக்கிது."

இது என்ன கணக்கு? அந்த நாவலே நடுக்கடலில்தானே நடக்கிறது? கேட்க வாயெடுத்தேன். பாய் என் காதருகே, "வேணாம் டீச்சர். எனக்கும் ஒண்ணும் புரியல. போறேங்கிறாளே, விட்டுருங்க லா" என்றார். விட்டுவிட்டேன்.

அவர்கள் கப்பலேறினார்கள். அந்த மாதங்களில் உலகப் படத்தை வகுப்பில் விரிக்கவே இல்லை, இலக்கணம் நடத்தினேன்.

போன சனிக்கிழமைதான் திரும்பி வந்திருக்கிறாள். உம்மா தேறிவிட்டாராம். கம்பு ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாராம். எனக்கு ஆசுவாசமாக இருந்தது. "கப்பல்ல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"உம்மாவும் அதத்தான் மொதல்ல கேட்டாஹ டீச்சர். 'நல்லா இருக்கியா'ன்னு கேக்கல. 'கடல் எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டாஹ." ஜெய்த்தூன் முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள். "நான் கல்யாணமாகிக் கப்பலேறுன நாள்லேருந்து உம்மா கடக்கரைக்கே போனதில்லையாம். எங்க வூட்டுலேருந்து கூப்பிடு தூரம். ஒரு நாளும் போனதில்லையாம். மீன்காரி வந்தா, மீனப் பாக்குறதுக்கு முன்னாடி 'கடல் இன்னைக்கு எப்படி ஈக்கிது'ன்னு கேப்பாஹளாம். என் தங்கச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும்."

நான் அவளுக்கு டீ ஊற்றினேன்.

"எங்க உம்மாவுக்கு எழுத்தே தெரியாது டீச்சர். ஒரு கதையும் படிச்சவஹ இல்ல."

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். திரும்புகிற நாளில், தடுத்தும் கேட்காமல் உம்மாவும் வந்தாராம். ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் தங்கச்சி. ஆனால் கடலைப் பார்க்கவில்லையாம். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நான் தோணியில ஏறிட்டேன் டீச்சர். இனிமே என்னைப் பாக்கணும்னா, அவஹ கடல் பக்கம் திரும்பித்தானே ஆகணும்?"

"திரும்பினாங்களா?"

"திரும்புனாஹ. தோணி கப்பல்கிட்டப் போற வரைக்கும் அப்படியே நின்னாஹ."

சொல்லிவிட்டு, உம்மா கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

ஜெய்த்தூன், அவளுடைய உம்மா, நான் — இந்த மூன்று பேரில் யார் பயந்தவர், யார் தைரியசாலி என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்... பலகாரம் நன்றாக இருந்தது. அதை மட்டும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.