முப்பத்தொன்றுக்கு முன் ஒரு பெயர்

வெரிபீயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பூங்காவில் யாராவது ஒரு தாய் ‘ஹென்றி’ என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பிள்ளைகளாவது திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெயருக்கு இப்போது இங்கே அவ்வளவு மவுசு. நானும் திரும்பிப் பார்ப்பேன். பார்த்து என்ன பயன்? என்னுடையவன் அங்கே இல்லை.

பெயரைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். என் பெயரை வேலையிடத்தில் ஆளாளுக்குக் கடித்துத் துப்புவதைக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். பிள்ளையின் பெயராவது எல்லார் வாயிலும் நோகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தபோது அது பழைய ஜெர்மன் பெயர் என்று தெரிந்தது. அங்கே ஹைன்ரிக் என்று இருந்தது, பிரான்சுக்குப் போய், கடல் கடந்து இங்கிலாந்தில் ஹென்றி ஆகி, பிறகு கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. எங்களைப் போலவே நாடு நாடாக அலைந்த பெயர். பொருள், வீட்டை ஆள்பவன். நாங்கள் அப்போதுதான் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். சுவரில் பெயின்ற் மணம்கூடப் போகவில்லை. ஆள்வதற்கு ஒருவன் வரத்தானே வேண்டும்.

கணவர் சிரித்தார். அந்தப் பெயரில் இங்கிலாந்தை ஆண்ட ஒருவன் ஆறு பேரைக் கட்டி, இரண்டு பேரின் தலையை எடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. எங்கட ஆள் ஒருத்தியோடு நிற்பார் என்றேன்.

எங்களோடு இருந்த மாமி, கணவரின் அம்மா, சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழித்த பிறகுதான் பெயர். அதற்கு முன் பெயரைச் சொல்லித் திரிந்தால் கண்ணூறு படும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே பெயர் எங்கள் மூவருக்குள்ளேயே இருந்தது. சிட்னியில் இருக்கும் கணவரின் தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. மாமி கோயிலுக்குப் போன நேரங்களில் மட்டும் நான் வயிற்றைத் தடவி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பதிலுக்கு உதைப்பான்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் உதைக்கவில்லை. ஸ்கான் செய்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பியபோதே எனக்கு விளங்கிவிட்டது.

பெற்றேன். பெறத்தானே வேண்டும். தாதி அவனைத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பெயர் என்ன என்று கேட்டாள். கணவர் தாயைப் பார்த்தார். மாமி நிலத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். அவள் குனிந்து அவனிடம், “ஹலோ ஹென்றி” என்றாள். இந்த உலகத்தில் என்னைத் தவிர அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. கணவர் ‘எங்கட ஆள்’ என்பார்; அதற்குமேல் அவருக்கு வாய் வராது.

அடுத்த வருடம் சிட்னி மச்சாளுக்குப் பையன் பிறந்தான். பூச நட்சத்திரம். ஐயர் ‘ஹே’ எழுத்தில் பெயர் வைக்கச் சொல்லியிருந்தார். மச்சாளும் புருஷனும் தேடித் தேடிக் களைத்து, கடைசியில் ஐயரின் எழுத்துக்கும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரும் ஒரு பெயரைப் பிடித்துவிட்டார்களாம். போனில் சந்தோஷமாகச் சொன்னாள்.

“ஹென்றி, மச்சாள். நல்லா இருக்கோ?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது. நல்ல பெயர் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இத்தனை பெயர் இருக்கிற உலகத்தில் இவளுக்கு வேறொன்று அகப்படவில்லையா?

மாமி பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் சொல்லி மாத்துவிக்கிறன், பிள்ளை.”

ஒரு சொல் போதும், மச்சாள் மாற்றிவிடுவாள். நல்லவள். ஆனால் அது செத்த பிள்ளையின் பெயர் என்று ஒரு பச்சை உடம்புக்காரியிடம் எந்த வாயால் சொல்வது? அதற்குப் பிறகு அவளுக்கு நித்திரை வருமா? தொட்டிலை எட்டி எட்டிப் பார்த்தே செத்துப்போவாள். வேண்டாம் மாமி, அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்றேன்.

சிட்னியில், மச்சாளின் செவன் ஹில்ஸ் வீட்டில் முப்பத்தொன்று நடந்தது. பிள்ளையை மடியில் வைத்துக் காதில் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டியவர் தாய்மாமன், என் கணவர். வாங்கினார். குனிந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஐயர் காத்திருந்தார். அண்ணாவுக்கு வெட்கம் என்று மச்சாள் சிரித்தாள். நான் பிள்ளையை என் மடிக்கு வாங்கி, மூன்று தரமும் நானே சொன்னேன். அவனுடைய காது என் உதட்டில் சூடாகப் பட்டது. என்னுடையவனின் காது குளிர்ந்திருந்தது.

விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில் கணவர் வாடகைக் காரை ஓட்டினார். ஒரு சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“இனி எங்கட ஆளை என்னெண்டு கூப்பிடுறது?”

பின் சீட்டில் மாமி விம்மத் தொடங்கினார். விளக்கு பச்சையாகிவிட்டது, ஓட்டுங்கோ என்றேன்.