எண்ணெய்க் கையும் இரும்புச் சுத்தியலும்

என் மோட்டார் காரின் மட்கார்டு நசுங்கிவிட்டது. நானே தட்டி நிமிர்த்தக் கற்றுக்கொள்ளலாமென்று, சுத்தியல் வாங்கத் தென்காசிக் கடைக்குப் போனேன். "தகரத்துக்கு மரச்சுத்தியல் போதும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். நான் கேட்கவில்லை; கனத்த இரும்புச் சுத்தியலையே வாங்கினேன்.

மறுநாள் குற்றால அருவிக்குப் போக உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்திருந்தேன். அது ஊறும்வரை சும்மா இருப்பானேன் என்று கார் கொட்டகைக்குள் போய்ச் சுத்தியலை ஓங்கினேன். கையிலிருந்து வழுக்கிப் பறந்த அது, வாசலில் வந்த மாமனாரின் காதோரம் பாய்ந்து, அவர் தோளில் சுமந்த பலாப்பழத்தில் பொத்தென்று பதிந்தது.

"எம்மவளைப் பிடிக்கலைன்னா சொல்லிரும் மாப்ளே, கூட்டிட்டுப் போயிருதேன்!" என்று அலறினார்.

இப்போது மரச்சுத்தியலால்தான் தட்டுகிறேன், அதுவும் குளித்துத் துவட்டிய பிறகு. ஆனாலும் மாமனார் தெருமுனையிலேயே நின்று, "மாப்ளே எண்ணெய் தேச்சிருக்காரா?" என்று கேட்ட பிறகுதான் வீட்டுப் பக்கம் வருகிறார்.