தோணி இல்லாதவனின் எஞ்சின்

மூத்தவளே, போன மாதம் நீ பள்ளிக்கூடத்தால் வந்து பையைக் கதிரையில் எறிந்துவிட்டு, "அப்பா குடிச்சு அழிச்சபடியாலைதான் அம்மா குவைத்துக்குப் போனவவாம்" என்று தங்கைக்குச் சொன்னதை நான் குசினிக்குள் நின்று கேட்டேன். பருப்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் தரமும் போட்டேன். அன்றைக்கு நீங்கள் மூன்று பேரும் அந்த உப்புப் பருப்பையே சாப்பிட்டுவிட்டு எழும்பினீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வாயால் சொல்ல வராது. பத்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

நான் குடித்தது உண்டு. பெருநாளுக்கும் கலியாண வீடுகளிலும் குடித்திருக்கிறேன். ஆனால் எங்கள் கடன் அதனால் வந்ததல்ல. ஒரு கையெழுத்தால் வந்தது.

ஓலைத்தொடுவாயில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கடலை நம்பினவர்கள். மாதச் சம்பளக்காரன் நான் ஒருவன்தான். அரசாங்கக் கந்தோரில் சிற்றூழியன். காலையில் கதவு திறக்க வேண்டும், தேத்தண்ணி ஊற்ற வேண்டும், கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். சம்பளம் சின்னதுதான், ஆனால் மாதம் முடிய வந்துவிடும். வலையில் நல்ல மீன்பாடு பட்டால் என் அரை மாதச் சம்பளத்தை ஒரே நாளில் உழைக்கிறவனுக்கும் வங்கி கடன் கொடுக்காது. அவனுக்குப் பிணை நிற்க என்னைப் போல ஒருவன் வேண்டும். ஊரில் யாருக்காவது கடன் தேவையென்றால் முதலில் எங்கள் வீட்டு நாய்தான் குரைக்கும். பலருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அதனால் சிலர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

ஆனால் உங்களில் நடுவிலானின் ஞானத்தகப்பன் வந்தபோது இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு, கடதாசிக் கட்டோடு வந்து முற்றத்தில் இருந்தார்.

"மச்சான், ஒரு கையெழுத்துத்தான். தோணிக்கு எஞ்சினை மட்டும் எடுத்தனெண்டால் கடனைக் கெதியா முடிச்சுப்போட்டு உனக்கொரு பாரை மீன் கொண்டு வாறன்."

"பாரையோ?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தார். "பிணைக்கு வந்த ஆள் விலை கூடின ஒரு அறக்குளா மீன் எண்டாவது சொல்லக்கூடாதோ?"

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கடதாசிகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. "ஆரிட்டையாவது குடுத்து வாசிச்சுப் பார் மச்சான்" என்று அவர்தான் சொன்னார். அவரில் பிழை சொல்ல எனக்கு வழியில்லை.

"எங்கடை பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கையிலை ஏந்தின ஆளிட்டை என்னத்தை வாசிக்கிறது?" என்றேன்.

ஞானஸ்நானத்தின்போது சாமியார் குழந்தையைப் பார்த்துத்தான் கேட்பார். குழந்தைக்கு வாய் இல்லை என்பதால் அதை ஏந்தி நிற்கிறவர் பதில் சொல்லுவார். நடுவிலானுக்காக அவர் கோயிலில் மூன்று தரம் பதில் சொன்னார். அவருக்காக வங்கியில் நான் ஒரு தரம் பதில் சொல்வது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. அவர் விரல் வைத்துக் காட்டிய ஏழு இடத்திலும் கையெழுத்து வைத்தேன்.

ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினார். பாரையும் வந்தது. பிறகு எஞ்சினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லாமல் போன அந்த வருஷம் வந்தது. தோணிகளை மணலில் கவிழ்த்துவிட்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பால்மா இல்லை, அரிசி விலை கேட்கப் பயமாக இருந்தது. அது உனக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஞானத்தகப்பன் வீட்டுக் கோழிகள் எங்கள் வளவுக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. கலைத்துவிடலாம் என்று போய்ப் பார்த்தால் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று பின்னேரம்தான் தெரிந்தது. கோழிகளை எங்களுக்கென்றுதான் விட்டுப்போயிருக்கிறார்.

மூன்று மாதத்தில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. போய்க் கேட்டேன். "கடன் எடுத்தவர் ஊரிலை இல்லாட்டி நீங்கள்தான் கட்டவேணும். அதுதானே நீங்கள் கையெழுத்து வைச்சது" என்றார் அங்கே வேலை செய்கிற ஒரு தங்கச்சி. மரியாதையாகத்தான் சொன்னார். மாதாமாதம் என் சம்பளத்தில் வெட்டத் தொடங்கினார்கள். சம்பளத் துண்டை முதலில் பார்த்தவர் எங்கள் கிளாக்கர்.

"என்ன ஐசே, உமக்குத் தோணியே இல்லை, எஞ்சினுக்குக் கட்டுறீராம்?"

கந்தோரில் எனக்கு எஞ்சின்காரர் என்று பேர் வந்தது அன்றைக்குத்தான். தேத்தண்ணி பிந்தினால், "எஞ்சின் ஸ்டார்ட் இல்லைப்போலை" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒருநாள் ஞானத்தகப்பன் இந்தியாவில் அகதி முகாமிலிருந்து வீடியோவில் போன் எடுத்தார். "எஞ்சின் எங்கை மச்சான்?" என்றுதான் முதலில் கேட்டேன். அதை விற்றாவது கொஞ்சம் அடைக்கலாம் என்ற நினைப்பு.

"அதைத்தான் எங்களைப் படகிலை கொண்டுவந்த ஓட்டிக்குக் குடுத்தனான். ஆளுக்கு இவ்வளவெண்டு கேட்டான். என்னட்டை வேறை என்ன கிடந்தது?"

அவர்களை இங்கேயிருந்து கொண்டுபோன எஞ்சினுக்குத்தான் நான் மாதாமாதம் கட்டுகிறேன் என்று அப்போது விளங்கியது. ஏசத்தான் வாய் திறந்தேன். அவருக்குப் பின்னால் அவருடைய சின்ன மகள் கோப்பையில் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சோறு கிடைக்குதோ?" என்று கேட்டேன். "ஓம் மச்சான், கிடைக்குது" என்றார். நடுவிலானைக் கூப்பிடச் சொல்லி, அவன் முகம் தெரிந்ததும் போனில் விரலால் சிலுவை வரைந்தார். அதற்குப் பிறகு அவர் எடுத்தாலும் நான் எடுப்பதில்லை.

வெட்டியது போக மிஞ்சிய சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட முடியவில்லை. அம்மா கட்டுக்கரைப் பக்கம் வயல் வேலைக்குப் போனார். அறுவடைக்கு மெசின் வந்ததோடு அதுவும் குறைந்தது. பிறகு பெண்கள் குழுவில் வாராவாரம் கட்டுகிற கிழமைக் கடன் எடுத்தார். அதை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் ஒரு வீட்டு விறாந்தையில் பாயில் இருக்க வேண்டும். ஒருத்தி காசு கொண்டுவராவிட்டாலும் மற்றவர்கள் எழும்ப முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவின் காசுதான் குறைவு. காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை பதினொரு பெண்கள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சிலருக்கு அடுப்பே மூட்டவில்லை. கடைசியில் ஒரு கிழவி தன்னுடைய முட்டைக் காசைப் போட்டு எல்லோரையும் எழுப்பிவிட்டாள்.

பின்னேரம் நான் வந்து சைக்கிளை நிற்பாட்ட முதலே அம்மா சொன்னார்:

"இஞ்சருங்கோ, நான் குவைத்துக்குப் போறன்."

"விசர்க் கதை கதையாதை. நான் விடமாட்டன்."

"அப்ப வாற செவ்வாய்க்கிழமை நீங்கள் போய் அந்தப் பாயிலை இருங்கோ."

நாலு மாதம் தாருங்கோ, ஒரு வழி பார்க்கிறேன் என்று கேட்டேன். தந்தார். அந்த நாலு மாதமும் ஞாயிறு தவறாமல் ஊராருக்கு வேலி அடைத்தேன். முற்பணம் கேட்டுக் கிளாக்கரிடம் நின்றேன். கடன் கேட்க என் அண்ணன் வீட்டுக்குப் போய், என்ன விஷயம் என்று அவர் கேட்க முதலே திரும்பி வந்தேன். சைக்கிளை விற்றேன். நான் நடந்து கந்தோருக்குப் போனதை உடம்புக்கு நல்லது என்று உங்களுக்குச் சொன்னேன். நாலாவது மாதம் முடிய, எடுத்த மூன்றில் ஒரு கிழமைக் கடனைக்கூட முடிக்க முடியவில்லை.

வெளிநாடு போகிற தாய்மாரின் கோப்பு எங்கள் கந்தோருக்குத்தான் வரும். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று எழுதி, கணவன் சம்மதம் என்று கையெழுத்து வைக்க வேண்டும். எத்தனையோ பேரின் கோப்பை நான் உத்தியோகத்தரின் மேசைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஒருநாள் கொண்டுபோனதில் மேலே இருந்தது உங்கள் அம்மாவின் படம்.

"அண்ணை, இது உங்கட வீட்டுக் கோப்பெல்லோ?"

"ஓம் மிஸ்."

"இருங்கோ. ஆறுதலா வாசிச்சுப்போட்டு வையுங்கோ."

பதினாறு வருஷத்தில் அந்த மேசைக்கு முன்னாலிருந்த கதிரையில் நான் முதல்தரம் இருந்தது அன்றைக்குத்தான். படிவம் தமிழில் இருந்தது. ஒரு சொல்லும் விடாமல் மூன்று தரம் வாசித்தேன். கையெழுத்து வைக்காமல் விட ஏதாவது ஒரு வரி கிடைக்குமா என்று தேடினேன். பிள்ளைகளைப் பராமரிப்பவர் என்ற இடத்தில் தகப்பன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிறகு எழும்பிப்போய் எல்லோருக்கும் பத்து மணித் தேத்தண்ணி ஊற்றினேன்.

அம்மா போய் ஏழு மாதம். அவர் அனுப்புகிறது கிழமைக் கடன்களுக்கும் உங்கள் சாப்பாட்டுக்கும் போகிறது. என் சம்பளம் எஞ்சினுக்குப் போகிறது. இரண்டு வருஷத்தில் எல்லாம் முடியும் என்று அவர் போக முதல் நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் பார்த்தோம். அதை நம்பித்தான் அவர் பஸ் ஏறினார். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்தால் சின்னவளுக்கு, "இன்னும் பதினேழு மாசம்தான், அம்மா வந்திடுவன்" என்கிறாரே, அது அந்தக் கணக்கு.

போன கிழமை வங்கிக்குப் போனேன். மண்ணெண்ணெய் இல்லாத காலம் முழுக்க அவர் கட்டாமல் விட்ட மாதங்களுக்கு வட்டி ஏறி, அந்த வட்டியும் முதலோடு சேர்ந்திருக்கிறது. இன்னும் மூன்று வருஷமும் இரண்டு மாதமும் என்று அச்சடித்துத் தந்தார்கள். அந்தக் கடதாசி அலுமாரியில் உங்கள் பிறப்பு அத்தாட்சிகளுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு வருஷம் முடிய அம்மா அங்கே வேலைக்குத் திரும்பவும் கையெழுத்து வைக்க வேண்டிவரும். வேறு வழி இருக்கிறதா என்று தினமும் யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

இதை வாசித்த பிறகும் என்னோடு கதைக்க உனக்கு விருப்பம் இல்லாவிட்டால் பரவாயில்லை. தம்பி தங்கைக்கும் வாசித்துக் காட்டு. வெள்ளிக்கிழமை அம்மா எடுத்தால், அப்பா எழுதினவர் என்று அவவுக்கும் வாசிக்கலாம். அலுமாரிக்குள் இருக்கும் கடதாசியைப் பற்றி எழுதினதை மட்டும் விட்டுவிடு.