இருபத்திரண்டாவது மைல்

மலாக்காவின் காஜா பெராங்கில் தம்பிராஜாவைத் தெரியாதவர்கள் கிடையாது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. மூன்று தடவை நாய் கடித்திருக்கிறது. மூன்று தடவையும் நாய்க்குத்தான் பரிந்து பேசினார். அப்படி ஒரு மனிதர்.

அவர் அங்கே கம்போங் செட்டி என்ற கிராமத்தில் பிறந்தவர். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகள் நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும். தமிழ்ப் பள்ளி வாத்தியாரான எனக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தும். பேர் மட்டும் தம்பிராஜா, நாக்கில் ஒரு சொல் தமிழ் இல்லையே என்று அவரிடமே பலமுறை குத்திக்காட்டியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். என்னைச் 'சிக்கு' என்பார். மலாயில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாய்தான்; இங்கே தமிழில் தருகிறேன்.

அவருடைய அம்மா கமலவேணிக்கு அறுபத்தைந்து வயதில் மறதி வந்தது. முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்பு. பிறகு மகனைச் செத்துப்போன கணவர் பெயரால் கூப்பிட்டார். கடைசியில், "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க ஆரம்பித்தார். வயதானால் அப்படித்தான் என்று ஊரே சொல்லிற்று. நானும் சொன்னேன். 1954 ஜூன் மாதம் ஒரு பகலில், தங்கை விஜயா குளித்துவிட்டு வருவதற்குள் அம்மாவைக் காணவில்லை.

தம்பிராஜா தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தார். காணவில்லை என்ற அறிவிப்பை நான்தான் எழுதினேன். போலீசுக்கு ஒன்று, தமிழ்ப் பத்திரிகைக்கு ஒன்று. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு திருப்தி.

நான்காம் நாள் தெங்கெரா கடற்கரையில் அம்மாவின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. கடல் எடுத்துக்கொண்டது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டினோம். தேடுவதும் நின்றது.

செட்டிகள் போகியன்று 'பார்ச்சு' வைப்பார்கள். செத்தவர்களுக்கு வாழையிலை போட்டு, பிடித்ததையெல்லாம் படைத்து, வந்து சாப்பிடுங்கள் என்று அழைப்பார்கள். அடுத்த போகியில் கமலவேணி அம்மாவுக்கும் இலை விழுந்தது. தம்பிராஜா கைகட்டி நின்று, "அம்மா, வந்து சாப்பிடுங்க" என்று சின்னப் பிள்ளைபோல அழைத்ததைப் பார்த்தேன். இப்படி நான்கு போகி.

மலாயா சுதந்திரம் அடைந்த மறு வருஷம், 1958இல், அவருக்கு ஓர் இளம் டாக்டர் பழக்கமானார். அம்மாவுக்கு வந்தது வயசுக் கோளாறு இல்லை, மூளையில் வருகிற நோய், ஆராய்ந்து பார்க்க வேண்டியது, ஆனால் இதற்கெல்லாம் யார் பணம் தருவார்கள் என்று டாக்டர் சலித்துக்கொண்டாராம். உடனே நம் ஆள், "நான் நடக்கிறேன்" என்றிருக்கிறார். மலாக்காவிலிருந்து போர்ட் டிக்சன்வரை கடலோரமாகவே ஐம்பத்தேழு மைல். மைலுக்கு இவ்வளவு என்று ஊரார் தரவேண்டும்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "மறதிக்கும் உங்க காலுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அம்மா நடந்துதானே போனாங்க, சிக்கு," என்றார்.

அன்றே அவரோடு கிளம்பினேன். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணிக்கடை நகைக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கிப் பெயர் எழுதி வாங்கினோம். ஐயா நடந்தாரா இல்லையா என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று ஒரு முதலாளி அடம்பிடித்ததால் நான் சைக்கிளில் கூடவே போகவேண்டியதாயிற்று. மார்ச் மாத வெயில். முதுகு எரிந்தது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

இரண்டாம் நாள் காலை, இருபத்திரண்டாவது மைல். பெங்காலான் பாலாக் பக்கம் ஒரு மீனவக் கம்போங். தண்ணீர் கேட்கலாம் என்று ஒரு வீட்டின் முன் நின்றோம். வாசல் நிழலில் பழைய சாரோங் கட்டிய கிழவி ஒருத்தி புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பிராஜாவின் கைத்தடி கீழே விழுந்தது. எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். ஜனவரியில்தான் இலை போட்டோம். அந்த இலைச் சோற்றை நானும் சாப்பிட்டேன்.

கமலவேணி அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க," என்றார், வழிப்போக்கர்களிடம் சொல்கிற மாதிரி.

தம்பிராஜா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்து வீட்டுக்காரி ஹாலிமா ஓடிவந்தாள். நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னதும் அவளும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என் கொழுந்தன் மீன் லாரி ஓட்டுறான். தெங்கெரா கடற்கரையில ஒத்தச் செருப்போட உக்காந்திருந்தாங்களாம். வீடு எங்கன்னு கேட்டா, இந்தப் பக்கம் கையக் காட்டினாங்களாம். ஏத்திட்டு வந்துட்டான். பேரு தெரியல, ஊரு தெரியல. மாக் துவா, பெரியம்மான்னு கூப்பிடுறோம்."

"போலீசுல சொல்லலையா?" என்று அதட்டினேன். எனக்கு யார்மேலாவது பாயவேண்டும் போல இருந்தது.

"சொன்னோமே! அவங்களும் பார்த்தாங்க, ஐயா. காணாமப் போனவங்கள்ல ஒரு தமிழ்க் கிழவிதான் இருந்தாங்களாம், சேலை கட்டினவங்க. இவங்க மலாய் பேசுறாங்க, சாரோங் கட்டியிருக்காங்க. இவங்களா அது?"

தம்பிராஜா மெல்ல என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான்கு வருஷமாக அவர் என்னைக் கேட்டதே இல்லை.

"சிக்கு, அன்னைக்கு என்ன எழுதினீங்க?"

ஓர் எழுத்துகூட மறக்கவில்லை எனக்கு. 'தமிழ் மூதாட்டி. நெற்றியில் திருநீறு. வெள்ளைச் சேலை.' அம்மாவிடம் ஒரு வெள்ளைச் சேலை இருந்தது உண்மை. கோயில் திருவிழாவுக்கு மட்டும் கட்டுவார். மலாய்தான் பேசுவார், சாரோங்தான் கட்டுவார் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் நம்மவர்களின் மானம் போகுமே என்று நினைத்தேன். போலீசுக்குக் கொடுத்ததிலும் அதையே எழுதினேன்.

சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா போற, இப்படிக் கால் வீங்க?" என்றார் அம்மா.

"அம்மாவைத் தேடிப் போறேன்."

"ஐயோ பாவம். கெடைச்சாங்களா?"

"கெடைச்சிட்டாங்கம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே தம்பிராஜாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். "அப்புறம் இங்க என்ன உக்காந்திருக்க? எழுந்திரு, ஓடு. பெத்தவ காத்துகிட்டிருப்பா."

எழுந்திருக்கிறவரை விடவில்லை.

மிச்ச முப்பத்தைந்து மைலையும் தம்பிராஜா நடந்து முடித்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வசூலான பணம் டாக்டருக்குப் போயிற்று. விஜயா வாடகைக் கார் வைத்து அம்மாவைக் காஜா பெராங்குக்கு அழைத்து வந்தாள். மூன்று நாள் அம்மா சாப்பிடவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, யாரோ தன்னைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று கத்தினார். நான்காம் நாள் ஹாலிமா வந்து கூட்டிக்கொண்டு போனாள். அவள் கையைப் பிடித்த பிறகுதான் கிழவியின் அழுகை நின்றது. நான் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

தம்பிராஜா மறுபடி என்னோடு பேச ஒரு வருஷம் ஆயிற்று. அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டி, அம்மாவைப் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா என்றார். பஸ்ஸில் போனோம். ஞாயிறு தவறாமல் போகிறாராம்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாருப்பா நீ? எங்க போற?"

"அம்மாவைத் தேடிப் போறேன்."

"கெடைச்சாங்களா?"

"இன்னும் இல்லம்மா," என்றார் தம்பிராஜா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "கெடைச்சிடுவாங்க. கொஞ்சம் என் பக்கத்துல உக்காந்துட்டுப் போ," என்றார். கடைசி பஸ் வரும்வரை அந்தக் கையை அம்மா விடவே இல்லை.