முதலில் உயர்ந்த கை

கொலை வழக்கில் சிக்கிய கறுப்பின விளையாட்டு நட்சத்திரம் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வோபர்னில் நான்தான் திரையிட்டேன். முடிந்ததும், "குற்றவாளி என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன்.

காவலாளிச் சீருடையோடு ஒருவர் வந்திருந்தார். தேநீர் வேண்டுமா என்றாலே இரண்டு தரம் தொண்டையைச் செருமி யோசிப்பவர், கையை மட்டும் முதல் ஆளாகத் தூக்கினார்.

எல்லாரும் போனபின் வெளிறிப்போய் வந்தார்.

"தம்பி, திங்கக்கிழமை என்னை ஜூரிக்குக் கூப்பிட்டிருக்கு."

"நல்லதுதானே அண்ணை."

"என்ன நல்லது? உந்தப் படத்திலை வந்தவன்ரை முகத்தைக் கண்டவுடனையே தீர்ப்பு எழுதிப்போட்டன். சாட்சியம் ஒண்டும் காதிலை ஏறேல்லை. அங்கையும் ஒரு கறுப்புப் பெடியன் நிண்டால்?"

"நீதிபதியிட்டைச் சொல்லி விலகுங்கோ."

"விலகினால், என்ரை கதிரைக்கு வாறவருக்குத் தானும் முகத்தைப் பாத்துத் தீர்ப்பு எழுதுறவர் எண்டு தெரியுமோ?"

அவர் போனாரா, விலகினாரா, தெரியாது. நான் காணாத அந்தப் பெடியனுக்கு என்ன நடக்குமோ என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.