வெள்ளி மை பூசிய விமானம்

சைதாவின் வாப்பா வைத்திருந்த ஜவுளிக்கடையை பர்மா அரசு எடுத்துக்கொண்டபோது வீட்டில் மிஞ்சியது புத்தகங்கள்தான். வளர்ந்ததும் அவற்றை வைத்து க்யிம்யிண்டைங் பேட்டையின் படகுத்துறைத் தெருவில் வாடகைப் புத்தகக் கடை போட்டாள். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பக்கம் குறைந்த புத்தகத்தை வாடகைக்கு விடமாட்டாள். வேறு பிரதியைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தைப் பர்மிய மொழியில் தன் கையால் எழுதி ஒட்டிவிடுவாள்.

1991 மழைக்காலத்தில் பழைய தாள்களோடு ஓர் ஆங்கிலப் பத்திரிகை வந்தது. அட்டையில் கோணல்மாணலாக ஒரு கறுப்பு விமானம். அமெரிக்கா அதை ஏழு ஆண்டுகள் இரவில் மட்டுமே பறக்கவிட்டு, 1988இல்தான் ஒப்புக்கொண்டதாம். ரேடாரிடமிருந்து அதை எப்படி மறைத்தார்கள்? அந்த விவரம் இருந்த பக்கத்தில் தணிக்கைக்காரர்கள் வெள்ளி மை பூசியிருந்தார்கள். விமானத்தைச் செய்தவனே ஊரறியச் சொல்லிவிட்டான். படிக்கிறவளிடமிருந்து அதை மறைக்க இவர்கள் யார்?

பழைய புத்தகக் கடைகள் இருக்கும் லத்தா பகுதியில் அலைந்து அதே இதழின் இன்னும் நான்கு பிரதிகளை வாங்கினாள். எல்லாவற்றிலும் அதே பக்கத்தில் மை. ஆனால் பூசியது அவசரக்காரக் கை. ஒன்றில் மேல்வரிகள் தப்பியிருந்தன, இன்னொன்றில் ஓரம், மற்றொன்றில் அடிப்பகுதி. ஐந்தையும் பரப்பிவைத்து வரிவரியாகக் கோத்தாள்.

வளைவே இல்லாத, தட்டைத் தகடுகளால் ஆன உடம்பு. மோதும் ரேடார் அலையை அது வந்த வழியே அனுப்பாமல் வேறு திசைக்குத் தள்ளிவிடும். அதற்கான கணக்கின் அடிப்படை, ரஷ்ய விஞ்ஞானி ஒருவர் பல வருடங்களுக்கு முன்பே மாஸ்கோவில் பகிரங்கமாக அச்சிட்டது! சைதா வாய்விட்டுச் சிரித்தாள். அச்சில் கிடந்ததை ஒருவன் உட்கார்ந்து படித்திருக்கிறான், அவ்வளவுதான்.

வளைவு ஏன் ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரி மட்டும் எதிலும் தப்பவில்லை. அதற்கு இடம் விட்டு எழுதி ஒட்டி, பத்திரிகையை அலமாரியில் வைத்தாள். பிடிபட்டால் கடை போகும், சிறையும் கிடைக்கும். தெரிந்துதான் வைத்தாள்.

முதலில் அதை எடுத்தவர் வட்டார நிர்வாக அலுவலக எழுத்தர் குழந்தைவேலு. பர்மிய மரியாதைப்படி பேருக்கு முன்னால் அவர் 'மா' சேர்ப்பார், அவள் 'கோ' சேர்ப்பாள்.

"மா சைதா, இந்தப் பக்கம் கையெழுத்தா இருக்கே?"

"கெட்டுப்போன பக்கம், கோ குழந்தைவேலு. நம்ம கடை வழக்கம்தானே."

"கெட்டுப்போச்சா, கெடுத்தாங்களா?"

"படிச்சிட்டுக் கேளுங்க."

அவர் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மூன்று நாள் ஆளைக் காணோம். படிக்கக் கொண்டுபோனாரா, சாட்சிக்கா? மற்ற பிரதிகளை அரிசி டின்னில் புதைத்துவிட்டு, தெருவில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் சைதா எழுந்து நின்றாள்.

நாலாம் நாள் வந்தார், தனியாக. காலியிடத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'தகட்டை வளைக்கச் செலவு அதிகம்.'

சைதாவுக்குப் பயமெல்லாம் பறந்துபோனது. "அமெரிக்காக்காரனுக்குச் செலவா? நல்லாச் சொன்னீங்க!"

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"மேலே பாருங்க, நாலு இடத்துல கணக்கு, கணக்குன்னே வருது. வளைவுக்குக் கணக்குப் போட அப்ப இருந்த கம்ப்யூட்டரால முடிஞ்சிருக்காது."

குழந்தைவேலு பக்கத்தை இன்னொரு முறை மேலிருந்து படித்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அழி ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.