யாருடைய விரல் இது?

"ஒருத்தராவது, ஒரு நாளாவது, உண்மையச் சொல்லித் தொலைங்களேன்!"

ஹார்மோன் பிரிவில் இருக்கிற ஆராய்ச்சி சிஸ்டர் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்ததும் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். வணக்கமெல்லாம் அப்புறம். சில நாள் அதுவும் கிடையாது.

ஐம்பத்திரண்டு வயது. அந்த இரண்டாவது மாடியிலேயே இருபத்திரண்டு வருஷம். சர்க்கரை, தைராய்டு, உடல் பருமன் என்று வருகிறவர்கள் சொல்கிற பொய்யைக் கேட்டுக் கேட்டுத் தலை பாதி நரைத்துவிட்டது. அவருக்கும் தைராய்டு உண்டு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் டீ குடிக்காமல் இருக்க வேண்டும். அவசரமாகக் கிளம்பி வந்து ஆஸ்பத்திரியில்தான் மாத்திரையை விழுங்குவார். அந்த ஒரு மணி நேரத்தில் அவரிடம் மாட்டுகிறவர்கள் பாவம். மேஜை டிராயரில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கும். கேட்டால், "அது ஸ்டோர் சாமான்" என்பார். உண்மையைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறவருக்கும் ஒரு டிராயர் வேண்டியிருக்கிறது.

எடை மெஷினில் ஏறுவதற்கு முன்னால் செருப்பு, வாட்ச், வளையல், கொண்டை ஊசி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிற அம்மா ஒருத்தி உண்டு. கொண்டை பெரியது, அதனால் கொண்டையம்மா என்றே எல்லோரும் கூப்பிடுவோம்.

"நேத்து வரைக்கும் ரெண்டு கிலோ கம்மியா இருந்தேன் சிஸ்டர்."

"அந்த ரெண்டு கிலோவ வழியில யாராவது உங்க கையில குடுத்துட்டுப் போய்ட்டாங்களா?"

சாப்பாட்டு நோட்டு இன்னொரு கூத்து. தினமும் தின்றதை அன்றன்றைக்கு எழுத வேண்டும். நாங்கள் யார்? ஒரு மாதத்துக் கணக்கையும் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேனாவைக் கைமாற்றி எழுதுகிறவர்கள். சிஸ்டர் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "ஒரு மாசமாச்சு, ஒரு எண்ணெய்க்கறை இல்ல. இந்த நோட்டு அடுப்படிப் பக்கமே போகல, நீங்க மட்டும் தினமும் மூணு வேளை போயிருக்கீங்க!"

இப்படிப்பட்ட கூட்டத்தில்தான் நானும் சேர்ந்தேன். சர்க்கரைக்குப் புது மாத்திரை ஒன்றைப் பரிசோதிக்கிற ஆராய்ச்சி. நமக்குக் கொடுப்பது புதுசா பழசா என்று நமக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. யாருக்கும் எதுவும் தெரியாமல் செய்வதற்குத்தான் ஆராய்ச்சி என்று பெயராம். எனக்கு அதைப் பற்றி என்ன? மாத்திரை இலவசம். டாக்டர் முழுசாக இருபது நிமிஷம் உட்கார்ந்து பேசுவார். வீட்டில் என்னோடு யாரும் இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசிப் பல வருஷம் ஆகிறது. அந்த இடத்தை விட எனக்கு மனசில்லை.

கையில் ஒரு மீட்டர் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைக்க வேண்டும். எண் காட்டாது, ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும். எண்ணைப் பார்த்தால் நாம் ஏதாவது தில்லுமுல்லு செய்வோமாம். என்ன ஒரு நல்லெண்ணம்!

அதற்குள் கொண்டையம்மா ஒரு குண்டைப் போட்டாள். "சர்க்கரை கூட இருக்குன்னா ஆராய்ச்சிலேருந்து தூக்கிடுவாங்களாம். போன வாரம் ஒருத்திய அனுப்பிட்டாங்க."

நான் ஒன்றும் வாயைக் கட்டுகிற ஜாதி இல்லை. யோசித்தேன். வீட்டில் சுத்தமான ரத்தம் ஒன்று சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் டைல்ஸ் கிடங்கில் மேற்பார்வை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. "எனக்கு ஒரு நோயும் கிடையாது, கல்லைத் தின்னாலும் கரையும்" என்பது அவர் தினமும் விடுகிற அறிக்கை. டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு, என் கண் முன்னால் கலக்கிக் கலக்கிக் குடிப்பார்.

"என்னங்க, விரலக் கொஞ்சம் நீட்டுங்க."

"எடுத்துக்கோ. சுத்தமான சரக்கு. அந்த டாக்டர் பார்த்து அசந்துடுவார்."

இருபத்தெட்டு நாள் அவர் விரல், என் பெயர். பச்சை விளக்கு எரியும், நான் நிம்மதியாகப் போய் பிஸ்கட் தின்பேன்.

அந்த நாட்களில் அவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். வெயில் என்று நினைத்தேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நான் தைத்துக் கொடுத்தேன். புது ஷூ கடித்ததென்று குதிகாலில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. "ஷூவ மாத்துங்க" என்றேன். தாகம், உடம்பு இளைத்தல், ஆறாத புண் என்று மூன்றையும் பெரிய எழுத்தில் போட்ட போஸ்டருக்குக் கீழேதான் நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோட்டு எழுதினேன். கண்ணா அது?

இருபத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையில் வீட்டில் வழக்கம்போல விரல். எட்டரைக்கு அங்கே என் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். சிஸ்டர் மீட்டரைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தார். லேப் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காலைல ஆறரைக்கு இருநூத்தி எண்பத்தி நாலு. எட்டரைக்கு நூத்தி முப்பத்தொண்ணு. ரெண்டுமே வெறும் வயிறு. நடுவுல நூத்தைம்பது எங்கம்மா போச்சு? பஸ்ஸுல விட்டுட்டு இறங்கிட்டீங்களா?"

"புது மாத்திரை நல்லா வேலை செய்யுது போல சிஸ்டர்."

"கையக் காட்டுங்க."

பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார்.

"பாத்திரம் தேய்ச்ச கை இது. ஊசி குத்தின கை இல்ல. யாரோட விரல் அது?"

"எனக்குத் தோல் சீக்கிரம் ஆறிடும்…"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கத்தப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கத்தவில்லை.

"உங்கள வச்சுக்கிறதா அனுப்புறதாங்கிறது அப்புறம். இங்க ஒரு விரல் இருக்கு. ஒரு மாசமா ஒரு நாள்கூட இருநூத்தைம்பதுக்குக் கீழ இறங்கல. அது யாருன்னு எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்கே தெரியுமான்னும் தெரியாது. தண்ணி நிறையக் குடிக்கிறாங்களா? கால்ல புண்ணு ஏதாவது இருக்கா?"

புண் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் குதிகால்தான் கண் முன்னால் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கொண்டையம்மா சொன்னதையும்.

"அட கடவுளே! சர்க்கரை கூட இருக்குன்னுதானம்மா உங்களையெல்லாம் ஆராய்ச்சிக்கே எடுத்தோம்! அனுப்புனது பொய் சொன்னவங்கள. நம்பரக் குடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். உங்களுக்குச் சர்க்கரை இருக்கு."

"ராங் நம்பரும்மா. சுகர் என் சம்சாரத்துக்கு."

"உங்க சம்சாரம் எதிர்லதான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு மாசமா உங்க விரல எனக்கு நல்லாத் தெரியும், மூஞ்சிதான் தெரியாது. உடனே கிளம்பி வாங்க."

"லோடு வருது சிஸ்டர். அடுத்த வாரம்…"

"அடுத்த வாரம் வந்தா ரெண்டு காலோட திரும்பிப் போவீங்கன்னு நான் உறுதி சொல்ல முடியாது."

முக்கால் மணி நேரத்தில் வந்தார். சிஸ்டர் கீழே உட்கார்ந்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, புண்ணில் ஒட்டிக்கிடந்த சாக்ஸை மெதுவாக உரித்தார். உள்ளே பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்கூட இல்ல சிஸ்டர்" என்றார் இவர், பெருமையாக.

"அதான் பிரச்சினையே" என்றார் சிஸ்டர்.

அன்றைக்கே அட்மிஷன். அறுத்துச் சுத்தம் செய்தார்கள். பன்னிரண்டு நாள் வார்டு. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்பேன் என்று சர்ஜன் என்னவோ வானிலை சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் பெரிய டாக்டர் சிஸ்டரைக் கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, நான் வெளியே நின்றேன், காதைப் பொத்திக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"ஏன் சிஸ்டர் பெருசு பண்றீங்க? மீட்டர் ரிப்பேர்னு எழுதிடலாமே. ஆராய்ச்சிக்கு ஆளும் குறையாது."

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு டாக்டர். அது ஒண்ணுதான் இந்த ஒரு மாசமா உண்மை பேசியிருக்கு. நடந்தத அப்படியே எழுதுறேன். நான் முதல் வாரமே கூப்பிட்டு விரலப் பார்க்காம விட்டதையும் சேர்த்து எழுதுறேன்."

எழுதினார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு அவருக்கே மெமோ வந்தது. உண்மை பேசினால் இந்த உலகத்தில் என்ன பரிசு என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என்னை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். இப்போது பக்கத்து அறையில் சாதாரண நோயாளி. டாக்டர் நாலு நிமிஷம் பேசுகிறார். அதிலும் இரண்டு நிமிஷம் எங்கள் வீட்டுக்காரர் பேசிவிடுகிறார். சர்க்கரை வந்த ஒரு மாதத்தில் அவர் சர்க்கரை நோயில் பெரிய நிபுணர்.

"டீல ஒரு ஸ்பூன்தான் சிஸ்டர், சத்தியமா."

"ஸ்பூனா, கரண்டியா?"

ரெண்டு காலில் நின்றுகொண்டுதான் இவர் அந்தப் பொய்யைச் சொல்கிறார். அதனால் கேட்க எனக்கு நன்றாகவே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறவர், பேன்ட் நழுவுகிறவர், ஷூவின் மேல் பழி போடுகிறவர் யாராவது இருப்பார்கள். கூட்டிக்கொண்டு போய் அந்த சிஸ்டரைப் பாருங்கள். இரண்டாவது மாடி, லிஃப்டுக்கு எதிரே, எடை மெஷின் வைத்த அறை. ஒன்பது மணிக்கு மேல் போங்கள், டீ குடித்திருப்பார். நோட்டை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். கிரீம் பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனாலும் தப்பில்லை, ஸ்டோரில் சேர்த்துக்கொள்வார். முக்கியமாக, போகிறவர் தன் விரலையே கொண்டுபோகட்டும். மற்றவர் விரலை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.